33 கருவி எதற்கு? பாக்கெட் கத்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாக்கெட் கத்தி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "இதுல எத்தனை ஐட்டம் இருக்குதுங்க?" என்பதுதான். பாதித் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. சுவிஸ் கத்தி கம்பெனியான விக்டோரினாக்ஸின் சுவிஸ்சாம்ப் மாடலில் 33 விதமான வேலைக்குக் கருவி இருக்கிறது. எடை சுமார் 185 கிராம். விரித்து வைத்து நாலு பேருக்குக் காட்ட அருமையாக இருக்கும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்குக் குனிந்தால் முதலில் தண்ணீரில் விழுவது அதுதான். அப்புறம் அது பீரோவுக்குள் போய்விடும், தேவைப்படும்போது கையில் இருக்காது.

நம் கை ஒரு நாளில் எதை வெட்டுகிறது, எதை முடுக்குகிறது என்று பார்த்துவிட்டு மாடலைத் தேடுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவருக்கு நூல் பிசிறு வெட்டக் கத்தரிதான் முக்கியம். மடக்கினால் 58 மில்லிமீட்டர் நீளம் வரும் விக்டோரினாக்ஸ் கிளாசிக்கில் சின்னக் கத்தி, கத்தரி, நுனியில் திருப்புளி வைத்த நக அரம் எல்லாம் உண்டு, சாவிக்கொத்திலேயே தொங்கும். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவருக்குச் சொட்டுநீர்க் குழாயை அறுக்கவும் சின்னக் கிளையைக் கழிக்கவும் ரம்பம் வைத்த விக்டோரினாக்ஸ் ஃபார்மர் மாடல் பொருந்தும். ஆனால் அதில் கத்தரி கிடையாது. இளநீர் சீவ எதுவும் உதவாது, அதற்கு அரிவாள்தான்.

மோட்டார், லாரி வேலை பார்க்கிறவர்களுக்குக் கத்தியைவிடக் கட்டிங் பிளேயர்தான் அதிகம் வேண்டும். டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1983இல் சந்தைக்குக் கொண்டுவந்த மல்டிடூலே (பல கருவி சேர்ந்த ஒன்று) பிளேயரை நடுவில் வைத்துச் செய்ததுதான். அவருடைய லெதர்மேன் கம்பெனியின் வேவ் பிளஸ் 241 கிராம் எடை, பேன்ட் பை தாங்காது, இடுப்பில் உறை வேண்டும். வேட்டிமேல் பச்சை பெல்ட் கட்டுகிறவர்களுக்குக் கவலையில்லை, பெல்ட் பர்ஸிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

வாங்கியபின் நடக்கும் தவறுகளில் இரண்டு ரத்தம் பார்ப்பவை. விக்டோரினாக்ஸின் 58, 91, 93 மில்லிமீட்டர் மடக்குக் கத்திகளில் பூட்டு கிடையாது. அலகு ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. தகர டப்பாவிலோ பிளாஸ்டிக் கேனிலோ நுனியை வைத்துக் குத்தி அழுத்தினால், அது விரல்மேல் மடங்கும். இழுத்து அறுக்கத்தான் அது. குத்தி ஓட்டை போடுவதென்றால் பூட்டு உள்ள மாடல் வாங்குங்கள்.

இன்னொன்று ஸ்டார்ட்டர் பெட்டி. மோட்டார் ஓடவில்லை என்றதும் பிளேயரை விரித்து உள்ளே விடுகிற பழக்கம் தோட்டந்தோறும் இருக்கிறது. எலக்ட்ரீசியன் பிளேயரில் ரப்பர் உறை இருக்கும். மல்டிடூலின் கைப்பிடி வெறும் இரும்பு. மூன்று பேஸ் கரண்டில் அந்த வித்தியாசம் உயிர் சமாச்சாரம். மெயினை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சரி, அலங்கார வேலைக்கு வருவோம். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே மரக் கைப்பிடி, பித்தளை மணி, வண்ணக் கயிறு என்று தேட ஆரம்பிக்கிறார்கள். முதலில் ஒரு மாதமாவது வெறும் கத்தியாகப் பழகுங்கள். எங்கே வழுக்குகிறது, எந்தக் கருவியைத் தொடுவதே இல்லை என்பது அப்போதுதான் தெரியும். 91 மில்லிமீட்டர் மாடலின் கைப்பிடியில் உள்ள பிளாஸ்டிக் ஓடுகள் ரிவெட் தலைகளில் அழுத்தி மாட்டியவை. ஒரு ஓரத்தில் மெல்லிய தகட்டை விட்டு மெதுவாக நெம்பினால் கழன்று வரும். பழைய ஓடு உடைந்தாலும் உடையும், அதற்கு மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். 84 மில்லிமீட்டர் மாடலுக்கான ஓடுகளை வாங்கி 91இல் மாட்டப் பார்ப்பவர்கள் நிறைய, அளந்துவிட்டு வாங்குங்கள். ஃபார்மர் மாதிரி அலுமினிய ஓடு உள்ளவற்றில் இந்த வேலையே வேண்டாம். ரிவெட் அடித்து இறுக்கியவை அவை, பிரித்தால் கத்தி திரும்பச் சேராது. லெதர்மேன் கருவியை அறுத்து, தேய்த்து மாற்றினால் அவர்களுடைய 25 வருட வாரன்டியில் அந்த வேலைக்கு இடமில்லை.

தக்கைச் சுருள் உள்ள மாடலைப் பார்த்து, "ஒயின் பாட்டில் நமக்கெதுக்குங்க?" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. இறுகிப்போன கயிற்று முடிச்சுக்குள் அந்தச் சுருளை விட்டு இழுத்துப் பாருங்கள். அந்தச் சுருளுக்குள்ளேயே திருகி வைத்துக்கொள்ள மூக்குக்கண்ணாடித் திருப்புளி ஒன்று தனியாகக் கிடைக்கிறது. பளபளப்பான ஓடுகளைவிட அதை வாங்குவது நல்ல செலவு.

கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது 24, 25 டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் கோயமுத்தூரில் கத்தி திறக்காமல் முரண்டு பிடிக்கும். நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியும் சேரும். வீட்டில் இருக்கிற தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். பழம் நறுக்குமுன் அலகைத் துடைத்துவிடுங்கள். வாழைக் கறையோ மாங்காய்ச் சாறோ பட்டால் வெந்நீரில் கழுவி, கருவிகளை விரித்தபடியே காய வையுங்கள். ஸ்டெயின்லெஸ் என்றாலும் கீலுக்குள் தங்கும் ஈரம் துருவாகும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுக்கலாம், இதைக் கொடுக்கக் கூடாது. வேகச் சக்கரத்தின் சூட்டில் மெல்லிய அலகு நீலம் பூத்தால் பதம் போயிற்று. நயமான சாணைக்கல்லில், பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் கையாலேயே தீட்டுங்கள்.

அப்புறம் பயணம். ஆயுதச் சட்டத்தின் உரிம விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் பார்க்கின்றன. பாக்கெட் கத்தி அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் விமானத்தில் கைப்பையில் போக முடியாது. கோவை விமான நிலையத்தில் சாவிக்கொத்தோடு ஸ்கேனர் வரை போய்விட்டால் அங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். முதல்நாள் இரவே சாவியிலிருந்து கழற்றி, செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.