டபிள்யூ.ஆர்.எஃப் வானிலை மாடலுக்குத் திருத்தம் அனுப்புவது எப்படி?

ஃபோர்ட்ரான் படிக்கத் தெரியும், லினக்ஸில் நெட்சிடிஎஃப் (தரவுக் கோப்புகளுக்கான நூலகம்), எம்பிஐ (பல ப்ராசஸ்களைச் சேர்த்து ஓட்டும் நூலகம்) இரண்டும் நிறுவியாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கிட்ஹப்பில் மாடலை ஃபோர்க் செய்து (உங்கள் கணக்கில் நகலெடுத்து), துணைத் தொகுப்புகளையும் இழுக்கும் ‘ரிகர்ஸ் சப்மாட்யூல்ஸ்’ ஆப்ஷனோடு குளோன் எடுங்கள். புதிய கிளையை ‘டெவலப்’ கிளையிலிருந்து பிரியுங்கள், ‘மாஸ்டர்’ வேண்டாம்.

2. பெரிய எழுத்து ‘எஃப்’ என்று முடியும் கோப்பைத்தான் திருத்த வேண்டும். ‘எஃப்90’ கோப்புகள் கம்பைலின்போது தானாக உருவாகுபவை. அவற்றில் எழுதியது நிலைக்காது. மாடலின் மாறிகளை அறிவிக்கும் ரெஜிஸ்ட்ரி கோப்புகளைத் தொட்டால் ‘கிளீன் -ஏ’ கொடுத்து, கான்ஃபிகரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

3. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு ப்ராசஸில் ஓடினாலும் நான்கில் ஓடினாலும் விடை கடைசி பிட் வரை ஒன்றாக இருக்க வேண்டும். ‘கான்ஃபிகர் -டி’ கொடுத்து, ஜிஃபோர்ட்ரான் கம்பைலரின் ‘டிஎம்பார்’ (எம்பிஐ வழி) தேர்வில் ‘இஎம் பி வேவ்’ என்ற மாதிரிச் சோதனைக் கேஸைக் கம்பைல் செய்யுங்கள். தொடக்க நிலையைத் தயாரிக்கும் ‘ஐடியல்’ நிரலை ஒரே ப்ராசஸில் ஓட்டி, ‘டபிள்யூஆர்எஃப்’ நிரலை மட்டும் 1, 4 என இருமுறை ஓட்டுங்கள். இரண்டு வெளியீடுகளையும் ‘டிஃப்டபிள்யூஆர்எஃப்’ ஒப்பிடும். மாறிகளின் பட்டியல் வந்தால் கோளாறு.

எங்கே கோளாறு? முதல் சில டைம்ஸ்டெப்களையே வெளியீடாக எழுதவையுங்கள். தாமதித்தால் வேறுபாடு களம் முழுக்கப் பரவி, தடயம் அழிந்துவிடும். ‘என்சிடிஃப்’ கொண்டு கழித்து, ‘என்சிவியூ’வில் பாருங்கள். நேர்கோடுகளாகத் தெரிந்தால் ஹாலோ (பக்கத்து ப்ராசஸ்களிடையே எல்லைப் புள்ளிகளின் பரிமாற்றம்) பிரச்சினை: உங்கள் கணக்கு ஐ+1 புள்ளியைக் கேட்கிறது, அது பக்கத்து ப்ராசஸிடம் இருக்கிறது, பழைய மதிப்பே கையில் கிடைக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் ஹாலோவை அறிவித்து, அந்தக் கணக்குக்கு முன்னால் அழையுங்கள். அங்கங்கே புள்ளிகளாகச் சிதறியிருந்தால், தொடக்க மதிப்பு கொடுக்காத மாறி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

வேறு வேறு கம்பைலரின் விடைகளை இப்படி ஒப்பிடாதீர்கள். தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கம் மாறும்.

4. புல் ரெக்வெஸ்ட்டில் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையில்) வார்ப்புருவை முழுதாக நிரப்புங்கள். செய்த சோதனைகளைக் குறிப்பிடாமல் விடாதீர்கள். ஒரு கோரிக்கைக்கு ஒரு நோக்கம் போதும். இடைவெளிகளைத் தானாகச் சீராக்கும் எடிட்டர் வசதியை அணைத்துவிடுங்கள். மூன்று வரித் திருத்தம் முந்நூறு வரியாகத் தெரிந்தால் யாருக்கும் படிக்க மனம் வராது.

பிறகு சேர்த்தது: நோவா-எம்பி (நிலப்பரப்பைக் கணிக்கும் துணைத் தொகுப்பு) அடைவு காலியாக இருந்து கம்பைல் நின்றால், ‘சப்மாட்யூல் அப்டேட் --இனிட்’ கட்டளை போதும். கிட்ஹப் தானாகத் தரும் ஜிப்பிலும் அது இருக்காது. இன்னொன்று: ‘பி வேவ்’ கேஸில் கதிர்வீச்சு ஓடாது. திருத்தம் அந்தப் பகுதியில் என்றால் சோதனை சும்மாவே தேறிவிடும். உண்மையான வானிலைத் தரவில் ஓடும் ‘இஎம் ரியல்’ கேஸில்தான் சோதிக்க வேண்டும்.