எறும்பு ஏறும் செம்பருத்தி: சாறு உறிஞ்சும் பூச்சிகளைக் கண்டுபிடித்துக் கட்டுப்படுத்துவது எப்படி?

செம்பருத்தி, அரளி, குரோட்டன்ஸ் போன்ற புதர்ச்செடிகளில் எறும்பு வரிசையாக ஏறினால், அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே சாறு உறிஞ்சும் பூச்சிகள் இருக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது. அதே நீர் கீழ் இலைகளில் பிசுபிசுவென்று படிந்து, அதன்மேல் கரும்பூசணம் வளரும். அதற்குத் தனியாக மருந்து வேண்டாம். பூச்சி போனால் பூசணமும் காய்ந்து உதிரும்.

கொழுந்தில் மொய்த்திருப்பது அசுவினி. கணுவிலும் மொட்டடியிலும் வெள்ளைப் பஞ்சாகத் தெரிவது மாவுப்பூச்சி. செடியை அசைத்ததும் எழும்பிப் பறப்பது வெள்ளை ஈ. தண்டில் அசையாத பழுப்புப் புடைப்பை நகத்தால் நெம்புங்கள். சுலபமாகப் பெயர்ந்தால் செதில் பூச்சி. இலை பொட்டுப் பொட்டாக வெளிறியிருந்தால் வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் மெல்ல ஊர்ந்தால் சிலந்திப்பேன். அதற்கு எட்டுக் கால், அதாவது அது பூச்சியினமே அல்ல; அதனால் பூச்சிக்கொல்லிகள் பல அதைக் கொல்லாது, அதைத் தின்னும் உயிர்களைக் கொன்று இன்னும் பெருக விடும்.

மாவுப்பூச்சிக் கூட்டத்தில் உடலெங்கும் நீண்ட வெள்ளை இழைகளோடு, சற்றுப் பெரிதாக, சுறுசுறுப்பாக நகரும் புழு ஒன்று தென்பட்டால் தொடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. இதையும் பூச்சி என்று நினைத்து அழிப்பது மிகப் பெரிய இழப்பு.

அசுவினிக்கும் சிலந்திப்பேனுக்கும் முதல் வைத்தியம் தண்ணீர்தான். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சுங்கள். மாவுப்பூச்சி அப்பிய நுனிகளை வெட்டி, பையில் கட்டி அகற்றுங்கள்.

அடங்காவிட்டால் 5 மி.லி. வேப்பெண்ணெயை 1 முதல் 2 மி.லி. திரவ சோப்போடு முதலில் நன்றாகக் குழைத்து, பிறகு 1 லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நேராகத் தண்ணீரில் விட்டால் எண்ணெய் மிதக்கும். திட்டுத் திட்டாக விழுந்து இலை கருகும். சில இலைகளில் அடித்து இரண்டு நாள் பார்த்தபின் முழுச்செடிக்கும் போகலாம். வெயில் தாழ்ந்தபின், வாடாத செடியில், இலையடி நனைய அடியுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் 7 நாள் இடைவெளியில் மூன்று முறையாவது வேண்டும்.

வளர்ந்த செதில் பூச்சியை ஓடு காப்பாற்றும். இரண்டு பக்கமும் பசையுள்ள டேப்பைத் தண்டில் சுற்றி வையுங்கள். ஓடு இல்லாத குஞ்சுகள் மஞ்சள் தூசிபோல அதில் ஒட்டும் நாளே மருந்தடிக்கும் நாள்.

எறும்பையும் தடுக்க வேண்டும், அது பொறிவண்டை விரட்டும். தண்டில் துணி சுற்றி அதன்மேல் ஒட்டுப்பசை தடவி, சுவரைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். யூரியாவையும் நிறுத்துங்கள், தளதளவென்ற கொழுந்தில்தான் அசுவினி பெருகும். பூக்கும் செடிக்கு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியை ஊற்றவே கூடாது, தேன் வழியாகத் தேனீக்களுக்குப் போய்விடும்.