டர்பனிலிருந்து விமானம்: வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்புவது?

"வெளிநாட்டு விமானமா? மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விடு" என்று எல்லாரும் சொல்வார்கள். மோசமான யோசனை இல்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வடக்கே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் டோங்காட்டில் இருப்பவருக்கும் தெற்கே சாட்ஸ்வர்த்தில் இருப்பவருக்கும், கைப்பையோடு போகும் தனியாளுக்கும் ஆயா என்று நாம் கூப்பிடும் பாட்டியையும் பிள்ளைகளையும் கூட்டிப்போகும் குடும்பத்துக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

முதல் படி: கவுன்டர் மூடும் நேரம்

விமானம் கிளம்பும் நேரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பெட்டி வாங்கும் கவுன்டர் எப்போது மூடும் என்பதுதான் முக்கியம். வெளிநாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடுவார்கள். உங்கள் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். துபாய் வழியாகச் சென்னை போகிறீர்கள், விமானம் மாலை 7 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் கெடு 6 மணி.

இரண்டாம் படி: வரிசை

சாதாரண நாளில் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எடை கூடிவிட்டால் இன்னும் இழுக்கும். கவுன்டர் முன்னால் பெட்டியைத் தரையில் விரித்துப்போட்டு, புடவைகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கும் குடும்பத்தை எப்போது போனாலும் பார்க்கலாம். வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். மாங்காய் அச்சார் பாட்டில் பெரிய பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் வைத்தால், 100 மில்லிக்கு மேல் என்று சோதனையில் எடுத்துவிடுவார்கள். ஆயாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னாலேயே விமான நிறுவனத்திடம் சொல்லிவையுங்கள்.

டிசம்பர் என்றே வைத்துக்கொண்டால், 4.30 மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

மூன்றாம் படி: ரோடு

நம்மவர்கள் கணக்குத் தப்புவது இங்கேதான். பழைய விமான நிலையம் தெற்கே, மியர்பேங்க் பக்கம், சாட்ஸ்வர்த்துக்குக் கிட்டத்திலேயே இருந்தது. 2010 மே மாதம் கிங் ஷாகா என்ற புதிய விமான நிலையம் திறந்தபின் எல்லாம் வடக்கே லா மெர்சிக்குப் போய்விட்டது. பெரியவர்கள் சிலர் இன்னும் அந்தக் காலத்து நினைப்பிலேயே "இதோ பத்து நிமிஷம்" என்பார்கள்.

ரோடு காலியாக இருந்தால் சாட்ஸ்வர்த்திலிருந்து என்2 நெடுஞ்சாலை வழியாக முக்கால் மணி நேரம் போதும். பிற்பகல் 3 மணிக்கு மேல் அப்படி இல்லை. உம்லாங்காவில் வேலை விட்டு வருகிறவர்களும், பீனிக்ஸ், வெருலம் பக்கம் வீடு திரும்புகிறவர்களும் உங்களோடு சேர்ந்து வடக்கேதான் போவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். காரை நிறுத்தி, தள்ளுவண்டி பிடித்து, வழியனுப்ப வந்த அத்தைமார் எல்லாரிடமும் சொல்லிக்கொள்ள இன்னும் அரை மணி நேரம். ஆக, 2.30க்குக் கிளம்ப வேண்டும்.

நானாக இருந்தால் 2 மணிக்கே கிளம்பிவிடுவேன். நெரிசலுக்கு முன்னால் போனால் 3 மணிக்குள் சேர்ந்துவிடலாம். கவுன்டர் திறந்திருக்காது; பெரும்பாலும் மூன்று மணி நேரம் முன்னால்தான் திறப்பார்கள். பரவாயில்லை, காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ரோட்டில் காருக்குள் வேர்த்துக் கொட்டுவதற்கு இது எவ்வளவோ மேல்.

நான்காம் படி: ஜோகன்னஸ்பர்க் வழியாகப் போனால்

ஒரே டிக்கெட் என்றால் பெட்டி எதுவரை போகும் என்று டர்பன் கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர்.தாம்போ விமான நிலையத்தில் பெட்டியை எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து வெளிநாட்டு முனையத்துக்கு நடந்து, மறுபடியும் முதலிலிருந்து வரிசை. நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். கோடையில் அதுவும் போதாமல் போகலாம்: அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே பிற்பகலில் இடியும் மழையும் திடீரென்று வந்து விமானங்களைத் தாமதமாக்கும். ராத்திரி விமானத்தைப் பிடிக்க வேண்டுமென்றாலும் டர்பனிலிருந்து காலை விமானத்திலேயே போய்விடுங்கள்.