சின்ன மண் அணையில் ஒரு நாள்: எங்கே இறங்கலாம், எங்கே இறங்கவே கூடாது

பெரிய அணை என்றால் வேலி இருக்கும், காவலுக்கு ஆள் இருப்பார், சங்கு ஊதித்தான் தண்ணீர் திறப்பார்கள். ஆற்றுக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி இறுக்கிக் கட்டிய சின்ன அணையில் பெரும்பாலும் இதெல்லாம் கிடையாது. கூட்டமில்லை என்றுதான் அங்கே போகிறோம், ஏதாவது ஆனால் ஓடி வர ஆளில்லை என்பதும் அதே காரணத்தால்தான். அதனால் போய்ச் சேர்ந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் குதிக்காமல், பத்து நிமிஷம் கரை மேலே நடந்து மூன்று இடங்களைக் கண்டுபிடித்து வையுங்கள். உபரி நீர் வழிகிற கலிங்கு எங்கே, தண்ணீர் திறந்துவிடுகிற மதகு எங்கே, கரையின் அடிவாரம் எங்கே முடிகிறது. இந்த மூன்றையும் விட்டுத் தள்ளி இருந்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.

முதலில் கலிங்கு. இடுப்பு உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிற குட்டிச் சுவர்தானே, அடியில் நின்று குளித்தால் அருவி மாதிரி இருக்குமே என்று எல்லோருக்கும் தோன்றும். ஆளை விழுங்குவது அந்த இடம்தான். ஒரு கட்டையோ பந்தோ அங்கே மாட்டியிருந்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மேலே மிதந்து வரும், ஆற்றோடு போகாமல் திரும்பிச் சுவரை நோக்கியே ஓடும், விழும் நீருக்கு அடியில் அமுங்கும், நாலடி தள்ளி எழும், மறுபடி சுவரை நோக்கி. மணிக்கணக்காக இதே சுற்றுதான். மேலிருந்து விழும் நீர் அடியில் போய் மோதி எழும்பி, மேற்பரப்பில் பின்னோக்கி உருள்வதால் வருவது இது. மனிதன் மாட்டினாலும் இதே சுற்றுதான். போதாததற்கு அந்த வெள்ளை நுரை முழுக்கக் காற்று கலந்திருப்பதால் அதில் உடம்பு சரியாக மிதக்காது, எவ்வளவு நன்றாக நீந்துகிறவர் என்றாலும் சரி. மேல்பக்கம் படகிலோ ட்யூபிலோ வருகிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. எதிரே தண்ணீர் ஒரு கோடு போட்ட மாதிரி முடியும், அவ்வளவுதான். அந்தக் கோடு தெரிந்தால் உடனே ஓரம் ஒதுங்குங்கள்.

மதகு இன்னும் மோசம், ஏனென்றால் மேலே ஒன்றுமே தெரியாது. சின்னச் சுழி ஒன்று இருந்தால் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று மீட்டர் ஆழத்தில், 30 செ.மீ.க்கு 30 செ.மீ. திறப்பு, மறுபக்கம் வெறும் காற்று. அந்தத் திறப்பை உங்கள் முதுகு அடைத்துக்கொண்டால் மேலே சுமார் 270 கிலோ எடையை வைத்து அழுத்துவதற்குச் சமம். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தாலும் வராது. மதகுப் பக்கம் முங்கு நீச்சல், போட்டி, தொலைந்த செருப்பைத் தேடுவது எதுவும் வேண்டாம்.

சரி, எங்கேதான் குளிப்பது? அணைக்கரையை விட்டு நன்றாகத் தள்ளி, நீர்த்தேக்கத்தின் பக்கவாட்டில், தரை மெதுவாகச் சரிகிற, மணலோ சரளையோ தெரிகிற இடமாகப் பாருங்கள். மண் அணைக்கே உரிய ஒரு பொறி இங்கே உண்டு. கரை போட மண் வேண்டும் இல்லையா, அதைப் பல இடங்களில் அணைக்கு உள்பக்கம் பள்ளம் தோண்டித்தான் எடுத்திருப்பார்கள். தண்ணீர் நிரம்பியதும் அந்தக் குழிகள் மறைந்துவிடும். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீரில் இருப்பது இப்படித்தான். ஒரு நீளக் கம்பை ஊன்றிப் பார்த்து, பெரியவர் ஒருவர் முன்னால் போய், அதுவரைதான் பிள்ளைகளுக்கு எல்லை என்று அடையாளம் வையுங்கள். நீச்சல் தெரியாத குழந்தை என்றால் கைக்கெட்டும் தூரத்தில், செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு. தலைகீழாகப் பாய்வது வேண்டவே வேண்டாம். போன முறை வந்தபோது ஆழமாக இருந்த இடத்தில் இந்த முறை நீர்மட்டம் இரண்டு மீட்டர் குறைந்திருக்கலாம், தண்ணீரின் நிறத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. குடித்திருந்தால் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள், இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆறு வந்து நுழைகிற மேல்முனையில் வண்டல் படிந்து சேறாக இருக்கும். நான் ஒருமுறை தொடை வரை இறங்கிவிட்டேன். வேகமாகக் காலைப் பிடுங்கப் பிடுங்க மற்ற கால் இன்னும் கீழே போகும். பின்னால் சாய்ந்து, உட்காருகிற மாதிரி உடம்பின் எடையைப் பரப்பிக்கொண்டு, ஒரு காலை மெதுவாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். வெளியே வர அரை மணி நேரம் ஆனது, ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையில் பாறையில் உட்காருவது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போது வந்து சேரும், ஷட்டரையும் சொல்லாமல் திறப்பார்கள். தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்து, அவ்வப்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல் நனைந்தாலோ, தெளிவான நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, சாமான்களை அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைத் தடுமாற வைக்கும், 30 செ.மீ. சின்னக் காரைத் தூக்கிவிடும். கலிங்கு வழியும்போது தரைப்பாலத்தில் வண்டியை இறக்கிப் பார்க்கிற வீரம் வேண்டாம்.

இதுவரை சொன்னது தண்ணீரிடமிருந்து நம்மைக் காப்பாற்றிக்கொள்வது. மண் அணையில் நம்மிடமிருந்து கரையையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. உள்சரிவில் பாவியிருக்கிற கற்களை ஆளாளுக்கு எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அடுப்புக் கூட்ட ரெண்டு, தண்ணீரில் எறிய நாலு. அலை மண்ணை அரிக்காமல் தடுப்பதே அந்தக் கல்தான். சரிவில் பைக் ஏற்றி விளையாடினால் விழுகிற தடத்தில் மழைநீர் இறங்கி ஓடையாகிவிடும். நிழலுக்கு என்று கரை மேல் மரம் நடுவதும் நல்ல காரியம் இல்லை, மரம் பட்டுப்போனால் வேர் மக்கி உள்ளே குழாய் மாதிரி வழி விட்டுவிடும்.

கலிங்கில் வலை கட்டி மீன் பிடிப்பது இதையெல்லாம் விடப் பெரிய தப்பு. அமெரிக்காவில் ஜான்ஸ்டவுன் நகரத்துக்கு மேலே ஒரு மண் அணை, பொழுதுபோக்குக்காக ஒரு பணக்காரர் கிளப் வைத்திருந்தது. மீன் தப்பிப் போகக் கூடாது என்று உபரி நீர் வழியில் கம்பித் தட்டி போட்டார்கள், குதிரை வண்டி போக வசதியாகக் கரையின் உயரத்தையும் குறைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் தட்டியில் குப்பை அடைத்து, தண்ணீர் கரை மேலேயே ஏறி வழிந்தது. மண் கரை மேல் தண்ணீர் வழிந்தால் அப்புறம் நிற்காது. 2,200 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

நடக்கும்போதே கரையின் வெளிச்சரிவையும் ஒரு பார்வை பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க ஒரு திட்டு மட்டும் பச்சைப் பசேல் என்றிருந்தால் அங்கே கசிகிறது. தெளிவான நீர் கொஞ்சம் கசிவது மண் அணையில் சகஜம். கலங்கலாக வந்தால், அல்லது தரையில் மணல் குமிழியிட்டு வட்டமாகக் குவிந்தால், தண்ணீர் உள்ளிருந்து மண்ணைக் கொண்டுவருகிறது என்று அர்த்தம். கரை மேல் நீளவாக்கில் புதிதாக விரிசல், பள்ளம் தெரிந்தாலும் ஆபத்துதான். கிட்டே போய்க் குச்சியால் கிண்டாமல், தள்ளி மேட்டில் நின்று படம் எடுத்து, அணையைப் பராமரிக்கிறவர்களுக்கும் காவல்துறைக்கும் உடனே சொல்லுங்கள், கீழே ஆற்றில் இருப்பவர்களையும் கூப்பிட்டு மேலே வரச் சொல்லுங்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விடுகிற விஷயம் இல்லை. 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் டீட்டன் அணையில் காலையில் கலங்கல் கசிவைப் பார்த்தார்கள், நண்பகல் அடிப்பதற்குள் அணை போய்விட்டது. அது பெரிய அணை, கட்டி முடித்த புதிது வேறு.

தூண்டில் போடுகிறவர்களுக்கு இரண்டே வார்த்தை. பாசி படிந்த கல் சரிவில் நிற்காதீர்கள், ஒருவேளை விழுந்தால் பிடித்து ஏற எதுவும் இருக்காது. நீரின் மேல் பச்சைப் பெயிண்ட் கொட்டிய மாதிரி படலம் இருந்தால் அன்றைக்குக் குளியல் இல்லை, நாயையும் குடிக்க விடாதீர்கள்.

யாராவது மூழ்கினால், நாம் நினைக்கிற மாதிரி அவர் கத்திக் கையாட்ட மாட்டார். வாய் நீர்மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, சத்தமே இல்லாமல் நடக்கும். பின்னாலேயே குதித்துவிடாதீர்கள், இரண்டு பேராகப் போவது அப்படித்தான். கம்பை நீட்டுங்கள், கயிற்றை எறியுங்கள். மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலிக் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி எப்போதும் கரையில் வைத்திருந்தால் போதும். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் விட்டிருந்தால் காற்றில் அலையாமல் தூரமாகப் போய் விழும். வெளியே எடுத்ததும் மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்காதீர்கள். முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், இரண்டு ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். மூச்சு திரும்பி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை கொடுக்கும். செல்போனில் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதை வந்தவுடனே பார்த்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் ஓட வேண்டியிருக்காது.

கிளம்பும்போது எடுத்த கல்லை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, தூண்டில் நரம்பையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கிக்கொள்ளுங்கள், அடுத்த மழையில் அது நேராகப் போய் அடைப்பது கலிங்கைத்தான்.