ஜோகோவிச் விசா விவகாரம்: கோபத்தில் நாம் செய்த தவறுகள்

2022 ஜனவரி 4ஆம் தேதி செர்பிய டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டார். பெட்டிகளோடு சிரித்தபடி நிற்கிறார், விலக்கு அனுமதி கிடைத்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டேன் என்று கீழே ஒரு குறிப்பு. கொரோனா தடுப்பூசி போடாதவர், அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு ஆஸ்திரேலிய ஓபனில் ஆடப் போகிறார் என்பதுதான் விஷயம். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. மறுநாள் நள்ளிரவுக்குச் சற்று முன் மெல்போர்னில் இறங்கியவரை எல்லைக் காவலர்கள் விடிய விடிய விசாரித்து, காலையில் விசாவை ரத்து செய்தார்கள். அதன் பிறகு பத்து நாள், டென்னிஸ் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் தீர்ப்பு எழுதினோம். எழுதியவர்களில் நானும் ஒருவன். விளையாட்டு வீரர் ஒருவர் மைதானத்துக்கு வெளியே சர்ச்சையில் சிக்கும்போது நாம் எங்கெல்லாம் வழுக்கி விழுகிறோம் என்பதற்கு இதைவிடத் தோதான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறியது. ஆள் ஒருவர்தான். ஆனால் கேள்விகள் குறைந்தது நான்கு. தடுப்பூசி போடாதது சரியா? தொற்று இருக்கும்போது என்ன செய்தார்? பயணப் படிவத்தில் பொய்யான தகவல் எப்படி வந்தது? விசாவை ரத்து செய்த விதம் முறையானதா? முதல் கேள்வியில் அவர்மேல் கடுப்பாக இருந்துகொண்டே நான்காவதில் அவர் பக்கம் நிற்கலாம். அப்படி நின்றவர்களை இரண்டு பக்கமும் திட்டினார்கள்.

இரண்டாவது கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 16 அன்று எடுத்த பரிசோதனையில் அவருக்குக் கொரோனா தொற்று, விலக்குக்கு அவர் காட்டிய காரணமும் அதுதான். 17ஆம் தேதி செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் குழந்தைகளுக்கான டென்னிஸ் நிகழ்ச்சியில் முகக்கவசம் இல்லாமல் நின்ற படம்தான் உலகம் முழுக்கச் சுற்றியது. அதற்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது: நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் முடிவு கைக்கு வந்தது என்றார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் 18ஆம் தேதி, தொற்று என்று தெரிந்தே, பிரெஞ்சுப் பத்திரிகை லெக்கிப்புக்கு நேரில் பேட்டி கொடுத்தார். பேட்டியாளரை ஏமாற்ற மனம் வரவில்லை என்றார், பிறகு அது தவறான முடிவு என்று அவரே ஒப்புக்கொண்டார். கோபப்பட வேண்டிய இடம் அதுதான். ஆனால் அதற்குக் குழந்தைகள் நிற்கும் படம் இல்லையே, அதனால் அது அவ்வளவாகப் பரவவில்லை. படம் இருக்கும் பக்கம்தான் நம் கோபம் போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் தேதிகள் எதுவும் ஜனவரி 5 அன்று நமக்குத் தெரியாது. தொற்று விவரம் சில நாள் கழித்து நீதிமன்ற ஆவணங்கள் வழியாகத்தான் வெளியே வந்தது. ‘கடந்த 14 நாளில் வேறெங்கும் பயணம் செய்யவில்லை’ என்று படிவத்தில் தவறாகக் குறித்திருந்ததும் (அவர் செர்பியாவிலும் ஸ்பெயினிலும் இருந்திருக்கிறார், தன் உதவிக்குழு செய்த பிழை என்றார்) அதற்குப் பிறகு கிளம்பிய பேச்சுதான். முதல் நாளே அவரைப் பொய்யர் என்று எழுதியவர்கள் பின்னால் ‘பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன்’ என்று மார்தட்டினார்கள். சொன்னபோது கையில் ஆதாரம் இல்லை. குருட்டாம்போக்கில் விட்ட கல் மாங்காயில் பட்டது, அவ்வளவுதான்.

நீதிமன்றத் தீர்ப்பை நற்சான்றிதழாகப் படிப்பது அடுத்த தவறு. ஜனவரி 10 அன்று நீதிபதி ஆன்டனி கெல்லி விசாவைத் திருப்பிக் கொடுத்ததும் ரசிகர்கள் ‘உண்மை வென்றது’ என்று கொண்டாடினார்கள். அங்கே வென்றது ஒரு கடிகாரக் கணக்கு. பதில் சொல்லக் காலை 8.30 வரை நேரம் தருவதாகச் சொல்லிவிட்டு, 7.42க்கே ரத்து செய்துவிட்டார்கள். தன் வழக்கறிஞர்களிடமும் ஆஸ்திரேலிய டென்னிஸ் அமைப்பிடமும் பேச அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அரசே அதை ஒப்புக்கொண்டது.

14ஆம் தேதி குடிவரவு அமைச்சர் அலெக்ஸ் ஹாக் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி மறுபடி ரத்து செய்தார். 16ஆம் தேதி மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக ஜோகோவிச்சின் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். உடனே மறு தரப்பு ‘பொய் அம்பலம்’ என்று ஆடியது. அமைச்சரின் முடிவைப் படித்தவர்களுக்குத்தான் வேடிக்கை தெரியும்: இவரால் மற்றவர்களுக்குத் தொற்று வரும் ஆபத்து மிகச் சொற்பம் என்று அமைச்சரே ஏற்றுக்கொண்டிருந்தார். அவர் சொன்ன காரணம் வேறு. இவர் நாட்டில் இருந்தால் தடுப்பூசிக்கு எதிரான மனநிலை வளரலாம் என்பது. நீதிபதிகள் பார்த்தது அமைச்சர் சட்டப்படி நடந்தாரா என்பதை மட்டும். ஜோகோவிச் நல்லவரா கெட்டவரா என்று அந்த நீதிமன்றத்தில் யாரும் கேட்கவே இல்லை.

‘உலகமே கோபப்பட்டது’ என்று எழுதுவதும் சோம்பேறித்தனம். மெல்போர்ன்காரர்கள் கோபத்துக்கு ஒரு கணக்கு இருந்தது: மொத்தம் 262 நாள் ஊரடங்கு. இறுதிச் சடங்குக்குப் போக முடியாமல், பேரக்குழந்தையைத் தொட முடியாமல் இருந்தவர்கள் அவர்கள். ‘விலக்கு’ என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்! பெல்கிரேடில் அதே செய்தி நாட்டுக்கு நேர்ந்த அவமானமாகப் போனது. அதிபர் வூசிச் வரை பேசினார், ஜோகோவிச்சின் அப்பா சர்ஜான் மகனை ஏசுநாதரோடு ஒப்பிட்டார். ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மோரிசன் ‘விதி என்றால் விதி’ என்றார், அந்த ஆண்டு மே மாதம் அவருக்குத் தேர்தல். மூன்றும் கோபம்தான், ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

‘20 கிராண்ட் ஸ்லாம் வென்றவரையா இப்படி?’ என்ற வாதத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கோப்பைக்கும் குடிவரவுப் படிவத்துக்கும் முடிச்சுப் போடுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடும் முடிச்சு.

எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. செக் நாட்டு இரட்டையர் ஆட்டக்காரர் ரெனாட்டா வொராச்சோவா. அவரும் முன்பு தொற்று வந்தது என்ற அதே காரணத்தில் விலக்கு பெற்று வந்தவர், மெல்போர்னில் ஒரு போட்டியில் ஆடியும் விட்டார். ஜோகோவிச் சிக்கிய பிறகு அவர் விசாவும் ரத்தானது. வழக்கு போடாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவருக்காக எந்த ஊர்வலமும் இல்லை, அவரைத் திட்டவும் ஆளில்லை. எங்கள் டென்னிஸ் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பத்து நாளில் வந்த செய்திகளில் அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

ஜோகோவிச்சை வைத்திருந்த கார்ல்டன் பார்க் ஹோட்டலும் அப்படித்தான். பெயர்தான் ஹோட்டல், உள்ளே இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தடுப்புக் காவலில் கிடந்த அகதிகள். சாப்பாட்டில் புழு இருந்ததாக அதற்கு முந்தைய மாதம்தான் புகார் சொல்லியிருந்தார்கள். சிறுவனாக வந்து ஒன்பது ஆண்டுகளாக அடைபட்டிருந்த ஈரானிய இளைஞர் ஒருவர், திடீரென்று பத்திரிகையாளர்கள் தன்னைத் தேடி வருகிறார்கள், ஆனால் கேட்பதெல்லாம் ஜோகோவிச்சைப் பற்றித்தான் என்று வருத்தப்பட்டார். ‘அந்த ஹோட்டலில் அவரை எப்படி வைக்கலாம்’ என்று பொங்கிய ரசிகர்களுக்கு, அங்கே வேறு யாரையும் எப்படி வைக்கலாம் என்று கேட்கத் தோன்றவில்லை. ஜோகோவிச் விமானம் ஏறியதும் கேமராக்களும் கிளம்பிவிட்டன. கடைசி அகதிகள் வெளியே வர ஏப்ரல் ஆனது.

வீரரைப் பற்றி ஆயுள் தண்டனை மாதிரி ஒரு வாக்கியம் எழுதிவைப்பதும் வீண் வேலை. விசா ரத்தானால் மூன்று ஆண்டுத் தடை என்பது விதி, அதையே புதிய அரசு அந்த ஆண்டு நவம்பரில் விலக்கிவிட்டது. 2023 ஜனவரியில் அதே மெல்போர்னில் ராட் லேவர் அரங்கம் கைதட்டி வரவேற்றது. இறுதிப் போட்டியில் கிரேக்க வீரர் சிட்சிபாஸை நேர் செட்களில் வென்று பத்தாவது ஆஸ்திரேலிய ஓபன் பட்டத்தை எடுத்தார், குடும்பத்தார் இருந்த இடத்துக்கு ஏறிப்போய்த் தரையில் சரிந்து விம்மி அழுதார். ‘இனி இந்த ஆளின் ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டேன்’ என்று ஓராண்டுக்கு முன் எழுதியிருந்த நான், மூன்று செட்டையும் எழுந்திருக்காமல் பார்த்தேன். அந்த டிசம்பர் 18 பேட்டியை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.