கனடா வீட்டுச் சுவரில் பூஜை அலமாரி மாட்டுவது எப்படி?

நம்மூர்ச் செங்கல் சுவரில் டிரில் போட்டு, பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி இறக்கி, ஸ்க்ரூ முடுக்கிப் பழகியவர்கள் கனடாவில் அதையே செய்தால் அலமாரி குத்துவிளக்கோடு கீழே வரும். இங்கே உள்சுவர் பெரும்பாலும் அரை அங்குல ஜிப்சம் பலகைதான். இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டியிருக்கும், டிரைவால் என்பார்கள். அதன் பின்னால் வெற்றிடம். எடையைத் தாங்குவது உள்ளே நிற்கும் மரக்கால்கள். அவற்றுக்கு ஸ்டட் என்று பெயர். ஸ்டட்டைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி.

வீடு 1990க்கு முன் கட்டியதா? அப்படியானால் டிரைவால் பலகைகளின் இணைப்பை மூடிய பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் (தூளாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்கலாம். ஆள் வைத்துப் பரிசோதித்த பிறகே துளையிடுங்கள்.

வாங்க வேண்டியவை: 3 அடி நீளத்தில் 'ஒன்றுக்கு நாலு' பலகை (பெயர்தான் ஒன்று, உண்மையான தடிமன் முக்கால் அங்குலம்; இதை ஸ்டட்டில் முடுக்கி, இதன் மேல்தான் அலமாரியை மாட்டப்போகிறோம்), இரண்டரை அங்குல 10ஆம் எண் மர ஸ்க்ரூ 4, 1/8 அங்குல டிரில் பிட், வலுவான சிறு காந்தம், ரசமட்டம். கறுப்பு டிரைவால் ஸ்க்ரூவை மட்டும் இதற்குப் போடாதீர்கள். அது எளிதில் முறியும் இரும்பு. பாரம் ஏறினால் தலை தெறித்துவிடும்.

காந்தத்தைச் சுவரில் மெதுவாக நகர்த்துங்கள். டிரைவாலை ஸ்டட்டோடு பிணைத்த ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் வந்து ஒட்டும். அங்கே பென்சில் புள்ளி வையுங்கள். அதற்கு நேர் மேலும் கீழும் இன்னும் இரண்டு புள்ளி கிடைத்தால் அது ஸ்டட். அடுத்த ஸ்டட் பெரும்பாலும் 16 அங்குலம் தள்ளி இருக்கும், சில வீடுகளில் 24. அடுக்குமாடிக் கட்டடங்களில் தகர ஸ்டட் இருப்பதுண்டு. அதில் மர ஸ்க்ரூ பிடிக்காது, சுவருக்குப் பின்னால் விரிந்து பிடிக்கும் டாகிள் போல்ட்தான் போட வேண்டும்.

புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம். பலகை மறைக்கப்போகும் இடத்தில் மெல்லிய ஆணியால் கால் அங்குல இடைவெளி விட்டு வரிசையாகக் குத்திப் பாருங்கள். ஆணி தடையில்லாமல் உள்ளே போனால் வெற்றிடம், முட்டி நின்றால் மரம். மரத்தின் அகலம் ஒன்றரை அங்குலம். இரண்டு ஓரமும் தெரிந்ததும் நடுவைக் குறியுங்கள்.

ரசமட்டம் வைத்துப் பலகையைப் பிடித்து, ஸ்டட் ஒன்றுக்கு இரண்டு துளை போடுங்கள். பிட்டில் வரும் தூளைக் கவனியுங்கள். பலகையைத் தாண்டியதும் வெள்ளைப் பொடி வரும், அது ஜிப்சம். பிறகு மஞ்சளாக மரத்தூள் சுருண்டு வர வேண்டும். வெள்ளைப் பொடிக்குப் பிறகு டிரில் சட்டென்று உள்ளே விழுந்தால் குறி தப்பிவிட்டது.

ஸ்க்ரூவுக்கு இரண்டரை அங்குலம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஸ்டட்டைத் துளைத்துப் போகும் மின்வயர் அதன் முகப்பிலிருந்து குறைந்தது 32 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும் என்பது விதி. முக்கால் பலகை, அரை டிரைவால் போனால் ஸ்டட்டுக்குள் இறங்குவது ஒன்றேகால் அங்குலம், அதாவது அதே 32. இதைவிட நீளமான ஸ்க்ரூ ஆபத்து. டிரில் இரும்பில் முட்டி நின்றால் அழுத்தாதீர்கள். வயரையோ குழாயையோ காக்க அடித்த தகடு அது. இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சுவிட்சுக்கும் பிளக் பாயிண்ட்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே துளையிடவே வேண்டாம்.

நாலு ஸ்க்ரூவையும் முடுக்கிப் பலகை உறுதியாக நின்றபின், அலமாரி பிராக்கெட்டுகளை அதன் மேல் ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூவால் முடுக்குங்கள்.

தப்பிய துளைகளுக்கு ஸ்பேக்கிள் பசை போதும். ஒரே பூச்சில் கனமாக அடைத்தால் காயும்போது குழி விழும். மெல்லியதாக இரண்டு பூச்சு பூசி, காய்ந்ததும் 150ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே பெயிண்ட் அடியுங்கள். பிரைமர் இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் பெயிண்டை உறிஞ்சி, மங்கிய திட்டாகத் தெரியும்.