பிரிந்த பிறகு வீட்டுத் தவணை பாக்கியா? எங்கிருந்து தொடங்குவது

சிங்கப்பூரில் கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டால் வீட்டுக் கடனும் தானாக இரண்டாகப் பிரிந்துவிடாது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கடன் என்றால், அவர் கட்டவில்லை என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், வீவகவோ (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வங்கியோ முழுத் தவணையையும் உங்களிடம் கேட்கலாம். அதனால் யார் மேல் தப்பு என்ற பேச்சைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, வீடு கையை விட்டுப் போகாமல் பார்ப்பதுதான் முதல் வேலை.

முதலில் பிரிக்காமல் கிடக்கும் கடிதங்களை எல்லாம் பிரியுங்கள். ஒரு தாளில் யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, கடைசியாக எப்போது கட்டினோம், கடன் யார் பெயரில் என்று எழுதுங்கள். வீட்டைவிட்டு வெளியேறியவர் நீங்கள் என்றால் கடிதங்கள் பழைய முகவரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கும், எனவே முகவரியை மாற்றுங்கள், அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் மூலம் வீவக, மசேநி (மத்திய சேம நிதி) கணக்குகளையும் பாருங்கள். பல வீடுகளில் இரண்டு பேரின் மசேநியிலிருந்தும் தவணை கழியும். ஒருவருக்கு வேலை போய் சாதாரணக் கணக்கு காலியானால் சத்தமில்லாமல் பாக்கி விழ ஆரம்பிக்கும். அப்புறம், உங்கள் கிரெடிட் கார்டில் அவருக்குத் துணை அட்டை வாங்கிக் கொடுத்திருந்தால் இன்றே ரத்து செய்யுங்கள், ஏனென்றால் அவர் செலவழிப்பது உங்கள் பில்லில்தான் வரும்.

அடுத்தது, அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே பேசுவது. வீவக கடன் என்றால் வீவக கிளைக்குப் போங்கள், வங்கிக் கடன் என்றால் வங்கிக்கு. பெரிய விளக்கமெல்லாம் தேவையில்லை. "நாங்கள் பிரிந்து வாழ்கிறோம், இரண்டு மாதத் தவணை பாக்கி, என் சம்பளத்தில் மாதம் இவ்வளவுதான் கட்ட முடியும், என்ன வழி இருக்கிறது?" என்று கேட்டால் போதும். சம்பளச் சீட்டும் அந்தத் தாளும் கையில் இருக்கட்டும். தவணையைச் சில காலம் குறைப்பது, பாக்கியைப் பிரித்துக் கட்டுவது, கடன் காலத்தை நீட்டுவது என்று அவர்களிடம் வழிகள் உண்டு, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். தள்ளிப்போட்டால் வீவக ஆண்டுக்கு 7.5 விழுக்காடு தாமதக் கட்டணம் சேர்க்கும். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய், உங்கள் நிலையை விளக்கி வீவகவுக்கோ வங்கிக்கோ ஒரு கடிதமும் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் எல்லாம் வீட்டுக்கு அப்புறம்தான். இவற்றுக்கு கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இருக்கிறது. வரவு செலவைப் பார்த்து, முடிந்தால் வங்கிகளோடு பேசி ஒரே மாதத் தொகையாகக் கட்டும் திட்டம் போட்டுத் தருவார்கள். இந்தக் கடன்கள் மாதச் சம்பளத்தைப் போல 12 மடங்குக்கு மேல் போய்விட்டன என்றால், எல்லாவற்றையும் ஒரே வங்கிக்கு மாற்றிக் கட்டும் கடன் ஒருங்கிணைப்புத் திட்டத்தை வங்கியில் விசாரியுங்கள். 15,000 வெள்ளிக்குக் குறையாத கடனுக்கு, கடன் கொடுத்தவர் உங்களை நொடித்துப்போனவராக அறிவிக்கக் கோரி நீதிமன்றம் போகலாம். அப்படிப் போனாலும், மொத்தக் கடன் 150,000 வெள்ளிக்குள் இருந்து நிலையான வருமானமும் இருந்தால், கடன் அடைப்புத் திட்டத்தில் 5 ஆண்டு வரை கட்ட வாய்ப்பு கிடைக்கலாம்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகச் சமாளிக்கும் பெண்கள் ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள்: ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து வரை காத்திருக்க வேண்டாம். திருமணம் நீடிக்கும்போதே குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் விவாகரத்து வழக்குக்கு சட்ட உதவிப் பிரிவில் விண்ணப்பியுங்கள், வருமானத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். வீட்டை விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். விற்ற பணத்தில் முதலில் கடன் பாக்கி போகும், பிறகு இருவரும் எடுத்த மசேநி பணம் வட்டியோடு அவரவர் கணக்குக்குத் திரும்பும், கையில் ரொக்கமாக மிஞ்சுவது சில சமயம் ரொம்பக் கொஞ்சம். விற்பதற்கு முன் கட்டாயம் குடியிருக்க வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் (பெரும்பாலும் 5 ஆண்டு) முடியவில்லையென்றால் விதிமுறையும் வேறு. கணக்குப் போட்ட பிறகு முடிவெடுங்கள்.

அரிசி பருப்புக்கே கஷ்டம் என்றால் சமூக சேவை அலுவலகத்தில் அரசாங்கத்தின் காம்கேர் உதவி கேளுங்கள், எண் 1800-222-0000. தமிழில் மனம் விட்டுப் பேச வேண்டுமா, பியேட்டி சாலையில் இருக்கும் சிண்டாவுக்குப் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) போங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், தவணை கட்ட இன்னொரு கடன் வாங்காதீர்கள். உரிமம் பெற்றுக் கடன் கொடுப்பவரே மாதம் 4 விழுக்காடு வரை வட்டி கேட்கலாம். கைப்பேசிக்கு வரும் "உடனடிக் கடன்" செய்திகளோ பெரும்பாலும் ஆ லோங் (உரிமம் இல்லாமல் கடன் கொடுப்பவர்) வேலை. பதில் போடாமல் தடை செய்யுங்கள், வங்கிக் கணக்கு விவரமும் ஏடிஎம் அட்டையும் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவர்கள் தொழிலுக்கு அந்தக் கணக்கு பயன்பட்டால் போலீஸ் விசாரணை உங்கள் மேலேயே வரும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு மிரட்டல் வருகிறது என்றால், கட்டி முடித்துவிடலாம் என்று இழுக்காமல் 999க்கு அழையுங்கள்.